சோத்தாங்கைப் பக்கம்

ஒரு கைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு, மலையில் வழி தவறிய ஒரு பெருங்கூட்டத்தையே கரை சேர்த்தவள் நான். கூட்டம் என்பது சற்றுக் கூடுதல், ஒரே ஆள்தான். அவரை வழி தவற வைத்ததும் நான்தான்.

அந்த ஆள் தாராவியில் எங்கள் அடுத்த வீட்டு வானமாமலை அண்ணாச்சி. பத்தொன்பது வயதில் தோல்பைப் பட்டறையில் சேர்ந்த மூன்றாம் மாதமே, தோல் வெட்டும் இயந்திரம் அவருடைய வலது கையில் மூன்று விரல்களை வாங்கிக்கொண்டது. மனிதர் இடது கையால் வேலை பழகினார். அதே கையால் கையெழுத்து, அதே கையால் சாப்பாடு. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு இப்போது ஞாயிறுதோறும் மலை ஏறுகிறார். துணைக்கு நான். என் மூட்டுவலிக்கு டாக்டர் நடக்கத்தான் சொன்னார். மலை என் சொந்தச் சேர்க்கை.

மருமகள் இசக்கிசெல்வி ஒரே நிபந்தனை போட்டிருந்தாள். "கர்ஜத் ஸ்டேஷன்ல அஞ்சு மணி வண்டியப் பிடிக்கலன்னா, இதோட உங்க மலையேத்தம் கட், அத்த."

இறங்கும்போது அண்ணாச்சி முன்னால் புல்லை விலக்கிக்கொண்டு போனார். பின்னால் நான், கையில் போன். அதற்குள் இருக்கும் பெண் மெல்லிய குரலில், "வலதுபுறம் திரும்பவும்" என்றாள். எம்.ஏ. படித்தவள் சும்மா இருப்பேனா? ஊர்த் தமிழில் பெயர்த்தேன்.

"சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க, அண்ணாச்சி!"

திரும்பினார். ஒரு காலி ஆட்டுப்பட்டி வந்தது. போன் புதுவழி சொன்னது, நானும் சொன்னேன். அதே ஆட்டுப்பட்டி. மூன்றாம் தடவையும் அதுவே.

"மதினி, இந்தப் பட்டிய விலை பேசப் போறியளா?"

"நான் சரியாத்தான் சொல்லுதேன். உங்களுக்குக் காது மந்தம்."

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சோத்தாங்கைன்னு சொன்னிய, திரும்புனேன்."

மணி இரண்டு. கோபத்தைவிடப் பசி பெரிதாக இருந்தது. புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். முதல் கவளம் எடுத்த அவர் கையைப் பார்த்தேன். இடது கை. முப்பது வருடமாக அந்தக் கைக்குப் பரிமாறியவள் நான்.

"அண்ணாச்சி, உங்களுக்குச் சோத்தாங்கை எது?"

"சோறு திங்குத கைதான். இது என்ன கேள்வி?"

அதன்பின் வலது, இடது என்றே சொன்னேன். ஒரு திருப்பம் விடாமல், தயங்காமல், கம்பீரமாக. ஐந்து மணி வண்டியில் உட்கார இடம்கூடக் கிடைத்தது.

வீட்டுக் கதவு திறந்ததுமே மருமகளிடம் ஆரம்பித்தேன். "போன் சொல்லச் சொல்ல நான் சொன்னேன், நான் சொல்லச் சொல்ல அண்ணாச்சி இறங்குனாவ. ஒரு சிறுத்தைகூட ஒதுங்கி வழி விட்டுது!"

"ரெண்டரை மணியில இருந்து கூப்பிடுதேன், அத்த. உங்க போன் ஸ்விட்ச் ஆஃப்."

நான் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானேன்.

என் பின்னாலேயே வந்து நின்ற அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "சிறுத்தை இல்ல, தாயி, கன்னுக்குட்டி. போன் பட்டியிலேயே செத்துட்டு. மதினி கருத்த கண்ணாடியப் பாத்தே வலது, இடதுன்னு சொல்லிட்டு வந்தாவ. அவிய சொன்னதுக்கெல்லாம் நான் எதிர்ப்பக்கமா நடந்தேன். அதான் வண்டி கெடச்சுது."