வெள்ளிக்கிழமை வந்த பதில்

என் கணவருக்குப் புற்றுநோய் இல்லை என்பது எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தெரிந்தது. அவருக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது. இடையில் கிடந்த நாட்களில் நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்தேன். எங்களைத் தெரிந்தவர்கள் என்னைப் பற்றி நல்ல கதைகள் நிறையச் சொல்வார்கள். அவற்றோடு இதுவும் இருக்கட்டும்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. அவர் துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிளாக்கர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. நான் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்பு ரீச்சர். எங்கள் ஒரே மகள் கலியாணம் முடித்து மட்டக்களப்பில் இருந்தாள். உள்துறைமுகத்தைப் பார்த்த சின்ன வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

ஒரு வருஷமாகவே அவருக்குச் சிறுநீர் கழிப்பதில் கரைச்சல் இருந்தது. கக்கூசுக்குப் போனால் வெளியே வர அரை மணித்தியாலம் ஆகும். கேட்டால் எரிந்து விழுவார். ஒருநாள் வேலைத்தலத்தில் ஒரு சொட்டும் போகாமல் அடைத்துக்கொண்டது. வலியில் மேசையைப் பிடித்தபடி கத்தியிருக்கிறார். துறைமுக லொறி ஒன்றில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழாய் போட்டு, பிறகு சத்திரசிகிச்சையும் செய்தார்கள். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புரொஸ்டேட் என்ற சுரப்பி வீங்கி வழியை அடைத்துவிட்டதாம்.

"சும்மா வீக்கமாயும் இருக்கலாம், புற்றுநோயாயும் இருக்கலாம். வெட்டி எடுத்ததைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறம். மூண்டு கிழமை பொறுக்க வேணும்" என்றார் டொக்டர். அவர் அதை என்னிடம்தான் சொன்னார். கட்டிலில் கிடந்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வையைக் கண்டதும் எனக்குள் முதலில் எழுந்தது இரக்கம் அல்ல. "இப்ப தெரியுதா?" என்று மனம் கேட்டது.

அதற்குக் காரணம் இருந்தது. இருபது வருஷத்துக்கு முன், மகள் நடக்கப் பழகிய காலத்தில், என் இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. அதே ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள், அதேபோல் கொழும்புக்கு அனுப்பினார்கள். பதில் வர இருபத்திநாலு நாள் சென்றது. அந்த இருபத்திநாலு நாளில் இவர் ஒருமுறைகூட "என்ன மாதிரி?" என்று கேட்கவில்லை. நான் அழுதால், "வந்தாப் பாப்பம், இப்ப ஏன் ஒப்பாரி வைக்கிறாய்?" என்பார். பதில் சொல்லும் நாளில் சிநேகிதர்களோடு வெருகல் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் தனியேதான் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

அதையும்கூட நான் மறந்திருக்கலாம். மறக்க முடியாதது வேறு. அந்த நாட்களில் மூதூரிலிருந்து அவருடைய தங்கச்சி வந்திருந்தாள். நான் குசினியில் நின்றேன். முன் அறையில் அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அண்ணா, இவவுக்கு ஏதும் நடந்தாலும் நீங்கள் யோசிக்காதேங்கோ. எங்கட மாமியின்ர மகள் இருக்கிறாள். பிள்ளையையும் நல்லாப் பாப்பாள்."

அவர் கோபப்படுவார் என்று காத்து நின்றேன்.

"அதுக்கென்ன, பாப்பம்" என்றார்.

எனக்கு அந்த இரண்டு சொல்லும் போதுமாயிருந்தன. கட்டி சும்மா கட்டிதான் என்று பதில் வந்தது. வெருகலிலிருந்து திரும்பியவர், "அப்ப பிரச்சினை இல்லைத்தானே" என்று சொல்லிவிட்டுச் சோறு கேட்டார். நானும் போட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் போட்டேன். ஆனால் நான் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்கிற பொறுமைசாலி. எனக்கும் ஒரு தவணை வரும் என்று இருந்தேன்.

இப்போது வந்தது.

நான் அவரைப் பார்த்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. லீவு எடுத்தேன். பார்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்தேன். இரத்தம் பட்ட துணிகளை நானே தோய்த்தேன். விடியவே கடற்கரைக்குப் போய் விளைமீன் வாங்கி, முள் எடுத்து, கஞ்சியோடு ஊட்டினேன். அயல்வீட்டுப் பெண்கள், "இப்பிடி ஒரு மனுசி கிடைக்க அவர் குடுத்து வைச்சவர்" என்றார்கள். அவர் காதிலும் அது விழ வேண்டும் என்று கதவைத் திறந்தே வைத்தேன். ஒவ்வொரு கரண்டிக் கஞ்சியிலும் நான் அவருக்குச் சொல்லாமல் சொன்னது ஒன்றுதான்: எனக்கு ஒருத்தரும் இப்படித் தரவில்லை.

அவர் நன்றாகப் பயந்திருந்தார். மத்தியானங்களில் கதிரையை ஜன்னலடியில் போட்டுக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். கப்பலின் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. "பதில் வந்தா என்னட்ட ஒளிக்கமாட்டாய்தானே?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார்.

"நான் ஏன் ஒளிக்கிறன்?" என்றேன்.

மூன்றாம் கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் கடதாசியைப் பார்த்துச் சிரித்தார். "புற்றுநோய் இல்லை ரீச்சர். வெறும் வீக்கம்தான். போய்ச் சொல்லுங்கோ, பாவம், பயந்துபோயிருப்பார்."

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினேன். எனக்குச் சந்தோசம்தான், பொய் சொல்லவில்லை. கடற்கரை வீதியால் வேகமாக நடந்தேன். பாதி வழியில் என் நடை குறைந்தது. வீட்டுப் படலையைத் திறந்தபோது அவர் கதிரையிலிருந்து எழும்பி நின்றார்.

"என்ன சொன்னவை?"

"இன்னும் வரேல்லையாம்" என்றேன்.

அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். பொய் சொன்னது எனக்குச் சுட்டது. கூடவே ஒரு இனிப்பும் இருந்தது. அதை மறைக்கிற வயதை நான் எப்போதோ கடந்துவிட்டேன்.

சனிக்கிழமை அவர் சாப்பிடவில்லை. தங்கச்சிக்கு ஆள் அனுப்பச் சொன்னார். ஞாயிறு காலை கடலைக் கடந்து வரும் லாஞ்சில் அவள் மூதூரிலிருந்து வந்தாள், கையில் தயிர்ச் சட்டியோடு. படலையடியிலேயே, "ஐயோ என்ர அண்ணா" என்று தொடங்கினாள். நான் தடுக்கவில்லை. நன்றாக அழட்டும் என்று அவளுக்குத் தேத்தண்ணி போடப் போனேன். அவள் பின்னாலேயே குசினிக்கு வந்து என் தோளைப் பிடித்தாள்.

"மச்சாள், ஏதும் நடந்தா நீங்கள் தனிய இருக்க ஏலாது. எங்களோட வந்திடுங்கோ."

அவள் உண்மையாகத்தான் சொன்னாள். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அப்போது முன் அறையிலிருந்து அவர் கூப்பிட்டார். போனால், பிள்ளைகளின் கொப்பித் தாள் ஒன்றில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கிணற்று மோட்டரை எப்படிப் போடுவது, எந்த ஆணியைத் திருகக் கூடாது, கூரை ஒழுகினால் யாரிடம் சொல்வது என்று வரிசையாக எழுதியிருந்தார். "உனக்கு உதொண்டும் தெரியாது. அதுதான் எழுதினனான்" என்றார். எழுத்துக் கோணலாய் இருந்தது.

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது இன்றைக்கும் தெரியும். நான் தாளை வாங்கி மடித்து அலுமாரியில் வைத்தேன். தங்கச்சி பின்னேர லாஞ்சில் அழுதுகொண்டே போனாள்.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்து சொல்வதாக முடிவெடுத்திருந்தேன். அவர் காத்திருக்கவில்லை. நான் போன பிறகு சாறத்தை மாற்றிக் களிசான் போட்டுக்கொண்டு, மெல்ல மெல்ல நடந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்ற ஆஸ்பத்திரி அற்றென்டன்ற், பாலையூற்றுக்காரன், "என்னய்யா, ரீச்சரிட்ட வெள்ளிக்கிழமையே நல்ல செய்தி சொல்லியாச்சே" என்றிருக்கிறான்.

நான் வந்தபோது அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"வெள்ளிக்கிழமையே உனக்குத் தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டுதான் தங்கச்சியையும் அழவிட்டனீ?"

"ஓம்."

"ஏன்?"

இருபது வருஷமாக நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்வி அது. குடையை மூலையில் வைத்துவிட்டுச் சொன்னேன்: "என்ர கட்டியை வெட்டி அனுப்பிப்போட்டு இருந்த நாளை யோசிச்சுப் பாருங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"எந்தக் கட்டி?"

அவர் நடிக்கவில்லை. அந்த மனிதரோடு அவ்வளவு காலம் வாழ்ந்த எனக்கு அது தெரியும். கோபப்படுவார், மறுப்பார், அழுவார், மன்னிப்புக் கேட்பார் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். மறந்திருப்பார் என்று மட்டும் நான் நினைத்திருக்கவில்லை. கத்தினேன். தங்கச்சி சொன்னதையும் அவர் சொன்ன இரண்டு சொல்லையும் அதே குரலில் சொல்லிக் காட்டினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

அவர் முழுவதையும் கேட்டார். 

"மூண்டு நாள் என்னைச் சாகவிட்டாய்" என்றார் கடைசியில்.

"எனக்கு இருபத்திநாலு" என்றேன்.

மன்னிப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வரவில்லை. அன்றைக்கு அவர் தானே அடுப்பை மூட்டித் தேத்தண்ணி போட்டுக் குடித்தார், எனக்குப் போடவில்லை. மகளுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சிக்குச் சொல்லியிருப்பார் போல. இரண்டு வருஷம் அவள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவள் வராதது எனக்குக் குறையாகவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரே வீட்டில் நல்லபடியாகவே இருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். சண்டை குறைந்தது. ஆனால் தபால்காரனின் மணி கேட்டால் அவர்தான் எழும்பிப் போவார். எனக்கு வரும் கடிதங்களை உடைக்காமல் மேசையில் வைப்பார், தன்னுடையதைத் தானே உடைத்துத் தானே வாசிப்பார். மருந்துத் துண்டை என் கையில் தரமாட்டார். டொக்டரிடம் போனால் என்னை வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு உள்ளே தனியே போவார். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். இந்த மனுசியால் என்னவும் செய்ய ஏலும் என்று தெரிந்துகொண்ட பார்வை அது. கலியாணம் முடித்து அவ்வளவு காலத்தில் அவர் என்னை அப்படிக் கவனமாகப் பார்த்தது அப்போதுதான். எனக்கு அது பிடித்திருந்தது.