கிழிசலும் காப்புரிமையும்

குமிழி அக்கா என்று கேட்டால்தான் அந்தத் தொழிற்சாலையில் ஆளைக் காட்டுவார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஏசிக்குள் இருக்கிற காயிலைச் செய்யும் இடம் அது. தாமிரக் குழாய்களை வளைத்து, அவற்றில் நூற்றுக்கணக்கான மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கமாகக் கோத்தால் அதுதான் காயில். அதற்குள் காற்றை அழுத்தி ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி கிளம்புகிறதா என்று பார்ப்பது அக்காவின் வேலை. கிளம்பினால் ஓட்டை, கிளம்பாவிட்டால் பாஸ். பத்தொன்பது வருடம் இதே வேலை. கண் தண்ணீரில் இருக்கும்போது அவளிடம் பேச்சுக் கொடுத்தால் மேலாளரே ஆனாலும் பதில் வராது.

தொட்டியிலிருந்து தூக்கிய காயிலைக் கொக்கியில் மாட்டினால் தகடுகளுக்கு இடையில் தங்கிய நீர் வடிய நேரம் பிடிக்கும். அக்கா மனதுக்குள் நாற்பது எண்ணுவாள். ஒருநாள் காலையில் பதினைந்து எண்ணுவதற்குள் காயில் காய்ந்து நின்றது. அடுத்ததும் அப்படியே. குனிந்து பார்த்தாள். குழாய் நுழையும் ஒவ்வொரு துளைக்கும் கீழே தகடு நகக்கண் அளவுக்குக் கிழிந்திருந்தது. தகடு வெட்டும் அச்சில் ஒரு பல் உடைந்திருக்கிறது.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். அவர் கிழிசலைப் பார்க்கவே இல்லை.

“குமிழி வருதா?”

“வரல சார்.”

“அப்புறம் என்ன? அனுப்பிடு.”

“கிழிஞ்ச தகட்டப் பாஸ்னு எழுத எனக்குக் கை வராது சார்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே பதினெட்டு காயில்களைக் கழிவு மூலையில் போடச் சொன்னார். மதியமே அச்சை மாற்றிவிட்டார்கள். தண்ணீர் சீக்கிரம் வடிந்த சங்கதியை அக்கா நாலைந்து பேரிடம் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வருடம் கழித்து வடிவமைப்புப் பிரிவுக்கு ஓர் இளம் இஞ்சினியர் வந்தார். ஏசி ஓடும்போது தகடுகளில் ஈரம் படிந்து தேங்குகிறது, காற்று போக வழியில்லாமல் அறைக்குள் தண்ணீர் தெறிக்கிறது என்பது அவருக்கு வந்த தலைவலி. தொட்டிப் பக்கம் வந்து புலம்பியபோது அக்கா சொன்னாள்: “குழாய்க்குக் கீழ கொஞ்சம் கிழிச்சுப் பாருங்க சார்.”

இஞ்சினியர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஒரு மாதிரித் தகட்டைக் கத்தரியால் கிழித்து முக்கிக் காட்டிய பிறகு அவரும் சிரிக்கவில்லை.

எட்டு மாதம் இருவரும் மல்லுக்கட்டினார்கள். கிழிசல் ஒழுங்கான வெட்டாக மாறியது, வெட்டின் ஓரம் சின்ன உதடு போல மடிந்தது. நிர்வாகம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. கண்டுபிடித்தவர்கள் என்ற கட்டத்தில் அக்காவின் பெயரும் இருந்தாக வேண்டும் என்று இஞ்சினியர் ஒற்றைக் காலில் நின்றார். வீட்டில் சொன்னபோது, பள்ளி வேன் ஓட்டும் கணவர், “கண்டுபிடிப்பாளரம்மா, என் கண்ணாடி எங்கன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க” என்றார்.

ஒன்றரை வருடம் கழித்துக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து பரிசோதகரின் ஆட்சேபணைக் கடிதம் வந்தது. நிறுவனத்தின் வக்கீல் அம்மா கூட்ட அறையில் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார்.

“காப்புரிமை வேணும்னா பொருள் புதுசா இருக்கணும். தொழில் தெரிஞ்சவங்களுக்குச் சட்டுனு தோணாததாவும் இருக்கணும். தகட்டுல வெட்டுப் போடறது பழைய சமாச்சாரம், அதைக் குழாய்க்குக் கீழ போட யாருக்கும் தோணும்னு பரிசோதகர் சொல்றார்.”

“தோணியிருந்தா அந்தப் பதினெட்டையும் கழிவுல போட்டிருப்போமா மேடம்?” என்றார் இஞ்சினியர்.

வக்கீல் அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அக்காவின் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார். ‘தகடு கிழிசல், பதினெட்டு, நிராகரிப்பு’ என்று தேதியோடு இருந்தது.

“இதுல ஒண்ணுகூட வெளிய போகலையே? போயிருந்தா புதுசுன்னு சொல்ல முடியாது.”

“எல்லாம் உருக்கப் போயிருக்கும் மேடம்” என்றார் இஞ்சினியர். வக்கீல் அம்மா குறித்துக்கொண்டார்.

அக்கா வாயைத் திறக்கவில்லை. இரண்டு வெளியே போயிருந்தன. ஏசி பழுது பார்க்கும் அவளுடைய தம்பி கேட்டான் என்று, சூப்பர்வைசரிடம் சொல்லி அவளே வாங்கிக் கொடுத்தது. ஒன்றை ஒரு மருந்துக் கடையிலும் மற்றதை ஒரு போட்டோ ஸ்டூடியோவிலும் மாட்டியிருந்தான். விண்ணப்பம் போடுவதற்கு வெகு நாள் முந்தியே.

சாயங்காலம் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அக்கா நடந்ததைச் சொன்னாள்.

“உன் தம்பிக்கு ஏதாச்சும் பிரச்சினை வருமா?”

“அவனுக்கு ஒண்ணுமில்லைங்க. இஞ்சினியர் மூஞ்சியத்தான் பாக்க முடியாது. ராப்பகலா உழைச்சிருக்காரு.”

“ஊசிமுனை ஓட்டையக்கூட விடாத ஆள் நீ. இத விட்டுட்டுப் படுத்தா புரண்டுகிட்டே கிடப்ப. என்னையும் தூங்க விடமாட்ட. சொல்லிடு.”

மறுநாள் முதல் வேலையாகச் சொன்னாள். இஞ்சினியருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“நேத்தே ஏன்க்கா சொல்லல?”

“பயந்துட்டேன் சார்.”

“ரெண்டே ரெண்டு கடை. யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே சார்.”

அவர் வக்கீல் அம்மாவுக்குப் போன் போட்டார். அந்த அம்மா கோபப்படவில்லை. வித்தாலும் சும்மா கொடுத்தாலும், வெளியே போய் யார் வேணாலும் திறந்து பாக்கலாம்னு ஆயிட்டா வெறும் வெட்டு புதுசு இல்லை, விண்ணப்பத்தில் அதற்கு உரிமை கேட்டிருந்த முதல் கோரிக்கையை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். கூடவே ஒன்று சொன்னார்: “அந்தக் காயிலைப் போய்ப் பாத்துட்டு வாங்க. நாளைக்கு நம்ம எதிராளி பாக்கறத நாம இன்னிக்கே பாத்துடலாம்.”

ஸ்டூடியோ காயிலைத் தம்பி போன வருடமே கழற்றிப் போட்டுவிட்டானாம். மருந்துக் கடையில் ஏணி போட்டு மூடியைக் கழற்றினான். ஒவ்வொரு கிழிசலிலும் தூசி பஞ்சு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. பிசிறான ஓரத்தில் சிக்கிய நூலும் முடியும் நீரை மறித்து நின்றன.

“முதல் வருஷம் ராஜா மாதிரி ஓடுச்சுக்கா” என்றான் தம்பி. “அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருதரம் கழுவுறேன். கடைக்காரர் என்னைக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாரு.”

இஞ்சினியர் படம் எடுத்தார். அவர்கள் செய்த உதடு வைத்த காயில் ஒன்று, தொழிற்சாலையில் சாணை பிடிக்கும் அறையில் ஒன்றரை வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்ததும் அதைத் திறந்தார்கள். அத்தனை தூசிக்கு நடுவிலும் வெட்டுகள் திறந்தே இருந்தன. மடித்த ஓரத்தில் எதுவும் சிக்கவில்லை.

வக்கீல் அம்மா பதிலை மாற்றி எழுதினார். வெளியே போன இரண்டு காயில்களையும் ஒளிக்காமல் சொல்லி, வெறும் வெட்டை விட்டுக்கொடுத்து, உதடு வைத்த வெட்டை மட்டும் கேட்டார்.

வக்கீல் அம்மாவோடு இருவரும் கூட்ட அறையில் உட்கார, விசாரணை கணினித் திரையில் நடந்தது. பரிசோதகர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இஞ்சினியரைக் கேட்டார்: “தூசி சிக்கக் கூடாதுன்னுதான் மடிச்சீங்களா?”

“இல்ல சார். தகடு பலமா இருக்கட்டும்னுதான் மடிச்சேன். தூசி விஷயம் இப்பதான் தெரிஞ்சது.”

வக்கீல் அம்மா பேனாவை மூடினார்.

“பலத்துக்கு ஓரத்த மடிக்கறது எல்லாரும் செய்யறதுதானே. அப்ப எந்தப் பக்கம் வேணாலும் மடிச்சிருக்கலாமே?” என்றார் பரிசோதகர்.

அக்கா மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

“சார் முதல்ல காத்து வர்ற பக்கந்தான் மடிச்சாரு. உதட்டுல தண்ணி தேங்கிடுச்சு. ஃபேன் வெச்சு நாலு நாளு மாத்தி மாத்திப் பாத்தோம். காத்து போற பக்கம், லேசாக் கீழ சாய்ச்சு மடிச்சாத்தான் வழுக்கிட்டு ஓடுது. ரொம்பச் சாய்ச்சாலும் நின்னுடுது.”

“எவ்வளவு சாய்க்கணும்னு எப்படி முடிவு பண்ணீங்க?”

“எண்ணி, தாள்ல எழுதிப் பாத்துதான் சார். எதுக்குக் கொறச்சலா எண்ணினேனோ அத எடுத்துக்கிட்டோம்.”

பரிசோதகர் அந்த எண்ணிக்கைத் தாள்களை அனுப்பச் சொன்னார்.

ஏழு மாதத்தில் முடிவு வந்தது. கேட்ட ஒன்பது கோரிக்கைகளில் ஆறு போயின, மூன்று தேறின. உதடு, அதன் பக்கம், அதன் சாய்வு இவற்றுக்கு மட்டும் காப்புரிமை. வெறும் வெட்டை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். போட்டி நிறுவனம் ஒன்று அடுத்த கோடைக்கே போட்டுக்கொண்டது. இஞ்சினியருக்கு அதில் ஆற்றாமை இருந்தது. ஒரு மாதம்போல அக்காவிடம் வேலைப் பேச்சோடு நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரு நாள் இரண்டு டீயோடு தொட்டிப் பக்கம் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அக்காவை வடிவமைப்புப் பிரிவுக்கு மாற்றுகிறோம் என்று நிர்வாகம் சொன்னது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும் என்று அவள் மறுத்தாள். பதிலாக, பக்கவாட்டில் கண்ணாடி வைத்த சின்னத் தொட்டி ஒன்று கேட்டாள். வாங்கிக் கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு மதியம் இஞ்சினியர் புதுப் புதுத் தகடுகளைக் கொண்டுவருவார். அவள் முக்கித் தூக்கி எண்ணுவாள். பெரும்பாலும் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததைக் கேட்பாள்.