ஆரோக்கியசாமி சாரின் ஹெவி செட்

உதிரிபாகக் கடையில் மற்றதையெல்லாம் வண்டியைப் பார்த்து விற்றுவிடலாம். கிளட்ச்சை மட்டும் மிதிக்கிற காலைப் பார்த்து விற்க வேண்டும். கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைப்பவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

நம்ம வண்டி

புதுக்கோட்டையில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் வண்டியின் பெயரைச் சொல்வதில்லை. இலுப்பூரிலிருந்து மனைவியோடு வந்த ஆரோக்கியசாமி சாரும் அப்படித்தான். ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். கிளட்ச் செட் கேட்டார். எந்த வண்டிக்கு என்றேன். நம்ம வண்டிக்குத்தான் என்றார்.

எட்டிப் பார்த்தேன். நீள மூக்கோடு ஒரு பழைய கறுப்புக் கான்டெஸா, எங்கள் வாசலையும் அடுத்த வாசலையும் அடைத்து நின்றது. பக்கத்துப் பழக்கடைக்காரர் அதை ஒரு சுற்று வந்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இது ஒரு காரா, ரெண்டு காராண்ணே?"

யானையும் கயிறும்

சார் அதில் வலுவான வேறொரு இன்ஜினை மாற்றியிருந்தார். ஹெவி செட் போட்டால் இழுவை நழுவாது. ஆனால் மிதி கல்லாக இருக்கும். சாதாரண செட்டில் மிதி லேசு. வேகமாக இழுத்தால் பிளேட் வழுக்கும். சாருக்கோ இடது முழங்காலில் ஆபரேஷன் நடந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கால் ஒத்துழைக்காவிட்டால் வண்டியை விற்றுவிடுவதாக, வெளிநாட்டிலிருக்கும் மகனிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

இதையெல்லாம் சொன்னது அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர். லேசான செட்டே போதும் என்றார். சார் ஹெவி செட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "யானைய வாங்கிட்டு ஆட்டுக்கயித்துல கட்டச் சொல்றியே, ஸ்டெல்லா."

முதல் போன்

கடைசியில் ஹெவி செட்டையே அனுப்பச் சொன்னார் சார். வண்டியைத் திருக்கோகர்ணத்தில் மெக்கானிக் பாண்டியின் பட்டறையில் விட்டுவிட்டு இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் டீச்சர் கூப்பிட்டார். சார் டீ வாங்கப் போயிருக்கிறாராம். "தம்பி, பாண்டிகிட்ட லேசானதையே குடுத்துருங்க. சார்கிட்ட மட்டும் ஹெவின்னு சொல்லிருங்க. அவருக்கு அந்தப் பேரு போதும்."

இரண்டாவது போன்

சாயங்காலம் சார் கூப்பிட்டார். முதலில் எங்கள் பக்கம் மழை உண்டா என்று விசாரித்தார். பிறகு இருமினார். "தம்பி, முட்டி தாங்காது. லேசான செட்டே போடச் சொல்லுங்க. டீச்சருக்கு மட்டும் தெரிய வேணாம். கால் முடியலன்னு தெரிஞ்சா வித்துருவா. வித்துட்டு அவதான் அழுவா."

இரண்டையும் பாண்டியிடம் சொன்னேன். "அண்ணே, யார்கிட்ட எதைச் சொல்லக்கூடாதுன்னு இன்னொருக்கா சொல்லுங்க."

மிதி

வண்டி எடுக்கிற அன்று நானும் பட்டறைக்குப் போனேன். சார் ஏறி உட்கார்ந்து, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி மிதியின்மேல் வைத்தார். டீச்சர் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். மிதி இறங்கியது. முகம் சுளிக்கவில்லை. வண்டி அதிராமல் நகர்ந்தது.

ஒரு சுற்று போய் வந்ததும் சார் தலையை வெளியே நீட்டி, ஹெவி செட் என்றால் ஹெவி செட்தான் என்றார். பாண்டி கையைத் துடைப்பதில் மும்முரமானான். "இருந்தாலும் மேட்டுல ரொம்ப இழுக்காதீங்க, மெதுவாவே ஓட்டுங்க, புதுசுல்ல" என்றார் டீச்சர். சார் சட்டென்று தலையாட்டினார். "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."

இரண்டு கிளட்ச்சில் ஒன்றுதான் விலைபோனது. பொய்கள் இரண்டும் ஒன்றையொன்று உரசாமல் இன்னும் இலுப்பூரில் ஓடிக்கொண்டிருக்கின்றன.