மானிட்டருக்கு வைத்த பொட்டு

கலைமணிக்குக் கோபம் வந்தால் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுவாள். சக்கரம் வைத்த நாற்காலி. அது ஓடிப்போய்ச் சுவரில் முட்டும். பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த அந்த ஸ்டுடியோவின் பின்சுவரில் முட்டி முட்டியே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. 2006 தீபாவளிக்கு முன்னால் அந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமானது.

அவள் என் சித்தி மகள். குரும்பலூரில் பிறந்தவள். சித்தப்பா பாவாடையும் சித்தியும் வெங்காயக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கூலிக்குப் போனவர்கள். பன்னிரண்டாவது முடித்ததும் டைப்ரைட்டிங் போனாள்; அங்கே ஒரு மூலையில் கம்ப்யூட்டர் இருந்ததால் டைப்ரைட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அச்சகத்தில் சேர்ந்து காதுகுத்துப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்தாள். "ஒரே நாள்ல ஒரு தாத்தாவைச் சிரிக்க வெச்சு மஞ்சள் நீராட்டு பேனர்ல போட்டேன், சாயங்காலம் அதே தாத்தாவை அஞ்சலி நோட்டீஸ்ல போட்டேன். அதே போட்டோதான். பல்லை மட்டும் மூடிவிட்டேன்" என்பாள். உண்மையா என்று கேட்டால் கோபம் வரும்.

பிறகு பஞ்சநாதன் சாரின் ஸ்டுடியோவில் மிக்ஸிங் வேலை. கல்யாணப் படங்களை வெட்டி ஒட்டி, நிறத்தைச் சரிசெய்து, ஆல்பப் பக்கமாக்கும் வேலைக்கு அந்தப் பெயர். முடித்ததைச் சிடியில் போட்டு பஸ்ஸில் கொடுத்துவிட்டால் திருச்சி லேபில் அச்சாகி வரும். அந்த நாற்காலிதான் கலைமணியின் ராஜ்ஜியம். நல்ல நல்ல வரன்கள் வந்தபோது, "மாப்ள வூட்லேர்ந்து பெரம்பலூருக்குப் பஸ் இருக்கா?" என்பதுதான் அவள் முதலில் கேட்ட கேள்வி. துறைமங்கலத்து மாப்பிள்ளை அமைந்தார். சைக்கிளிலேயே வந்துவிடலாம்.

நான் அந்த வருஷம் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தேன். ஆயுத பூஜை முடிந்திருந்தது. விசா புதுப்பிக்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டும் என்று தங்கச்சி கடைக்குப் போனேன். மறுநாள் லேபிலிருந்து படம் வந்தது. கவரைப் பிரித்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. முகம் முழுக்க மிளகாய்ப்பொடி அப்பியதுபோல் இருந்தது.

"என்னா கலை இது? இந்தப் படத்தோட போனா காய்ச்சல்காரன்னு ஏர்போர்ட்டுலயே திருப்பி அனுப்பிடுவான்."

"உனக்கு எப்பவும் பயம்ணே. வெயில்ல வந்த, செவந்துபோயிட்ட" என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மஸ்கட் வெயில்ல செவக்காதவன் பெரம்பலூர் வெயில்லயா செவந்துட்டேன்?"

உள்ளறையிலிருந்து பஞ்சநாதன் சார் எட்டிப் பார்த்தார். கறுத்த, குள்ளமான, எப்போதும் விபூதி மாறாத மனிதர். "நீங்களும் கேட்டுட்டீங்களா? ஒரு வாரமா இதாங்க கதை. பூஜைக்கு அப்புறம் போன படம் பூரா செவப்பு."

"உங்க கேமராதான் சார் பச்சையடிக்குது. நான் அதைச் சரிபண்ணி அனுப்புறேன்."

"என் கேமரா அதேதாம்மா, அதே லைட்டுதான். ஒன் கண்ணுதான் மாறிப்போச்சு."

நாற்காலி போய்ச் சுவரில் முட்டியது.

அந்த நேரத்தில்தான் பொன்னாயி அக்கா படியேறி வந்தார். பாடாலூர்க்காரர். மகள் பிரவீணாவுக்கு ஆவணியில் கல்யாணம் முடித்திருந்தார். ஆல்பத்தின் மாதிரிக்காக லேபிலிருந்து வந்த நான்கு பக்கங்களை மேசைமேல் பரப்பி, இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"ஏம்மா பாப்பா, இது யாரு?"

"உங்க பொண்ணுதாங்க்கா."

"எம்பொண்ணா? இது உரிச்ச வெங்காயமாட்டம் இருக்கு! எம்பொண்ணு கருப்பு. பளிச்சுன்னு கருப்பு. கருப்புன்னு தெரிஞ்சுதான் மாப்ள கட்டுனாரு. தலை தீபாவளிக்கு வர்றப்ப இதைக் காட்டுனா, நான் கட்டுனவ எங்கன்னு கேப்பாரு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலைமணி சிரிக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம் "கொஞ்சம் கலராக்கிவிடும்மா" என்று கேட்கிற கடையில், மகளை இருக்கிற நிறத்தில் கேட்டு வந்த ஒரே தாய் இவர். "உங்க பொண்ணு அப்படியே இருப்பா" என்று முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தாள்.

பொன்னாயி அக்கா போனபிறகு பஞ்சநாதன் சார் நிதானமாகச் சொன்னார். "இந்த ஆல்பம் தீபாவளிக்குள்ள சரியா வரணும். இதுவும் செவப்பா வந்துச்சுன்னா மிக்ஸிங்கைத் திருச்சிக்கே அனுப்பிடுறேன். நீ முன்னாடி கவுண்டர்ல உக்காந்து ரசீது போடு. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

சம்பளத்தைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். கவுண்டரில் சக்கரம் வைத்த நாற்காலி கிடையாது. பிளாஸ்டிக் ஸ்டூல்.

மறுநாள் முதல் நான் அவள் பக்கத்தில் குடியிருந்தேன். தமிழும் இங்கிலீஷும் படித்த தைரியத்தில், கீழே இருந்த பிரவுசிங் சென்டரில் மானிட்டர் நிறக் கோளாறுகள் பற்றிக் கிடைத்த பக்கங்களையெல்லாம் பிரிண்ட் எடுத்து வந்தேன். இத்தனை விதமாகக் கெட்டுப்போக முடியும் என்றால் ஒரு மானிட்டர் எப்படித்தான் சரியாக இருக்கிறது?

போட்டோஷாப்போடு கூடவே காமா என்று ஒரு சின்ன மென்பொருள் வந்திருந்தது. அதைத் திறந்தால் ஒரு சாம்பல் கட்டம் வரும், அதைச் சுற்றிக் கோடுகள். கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு, கட்டமும் கோடும் ஒன்றாகத் தெரியும்வரை நகர்த்த வேண்டும். முடித்ததும் அது ஒரு புரொஃபைலை எழுதி வைத்துக்கொள்ளும். மானிட்டர் எந்த நிறத்தை எப்படிக் காட்ட வேண்டும் என்கிற கணக்கு அது. கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் தானாக ஏறிக்கொள்ளும். பூஜைக்கு மறுநாள் திரை என்னவோபோல் இருந்ததால், கலைமணி புதிதாக ஒன்று எழுதியிருந்தாள்.

"அந்தப் புரொஃபைலைத் தூக்கிடு கலை. கம்பெனியில வந்ததைப் போடு."

தூக்கினோம். நடுவில் இருந்த பிரவீணாவின் முகம் சட்டென்று வேறு நிறம் காட்டியது. நான் சந்தோஷப்பட வாயெடுப்பதற்குள் கலைமணி திரையின் வலது ஓரத்தைச் சுட்டிக்காட்டினாள். "பாருண்ணே, கத்தரிப்பூ பூத்திருக்கு. இதுக்காகத்தான் மாத்தினேன். இந்தத் திரையை நம்பி எப்படி வேலை பாக்குறது?"

உண்மைதான். ஓரத்தில் ஊதா படர்ந்திருந்தது. அவள் காமா பெட்டியைத் தன் வழக்கப்படி வலது ஓரத்துக்கு இழுத்துவைத்து, கண்ணைச் சுருக்கி, ஊதா போகும்வரை நகர்த்தினாள். ஊதா போனது. பிரவீணாவின் முகத்தில் பாசி ஏறியது.

"பாத்தியா, சாரோட கேமரா பச்சை" என்று சொல்லிச் சிவப்பைக் கூட்டினாள்.

நான் தூக்குவதும் அவள் திரும்பப் போடுவதுமாக அந்த வாரம் போயிற்று. லேபிலிருந்து வந்த அடுத்த மாதிரியில் மாப்பிள்ளையும் உரிச்ச வெங்காயம் ஆகியிருந்தார்.

தீபாவளி நெருங்கியது. கீழே ரோட்டில் ஜவுளிக் கூட்டம். அப்போது சாமிதுரை வந்தார். ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு மைக் செட் போடுகிறவர். தொண்டையும் அதற்குத் தகுந்தாற்போல். கையில் ரிப்பேர் பார்த்துவந்த கனமான ஸ்பீக்கர் ஒன்று.

"தங்கச்சி, நம்ம கடைக்கு ஒரு கார்டு அடிக்கணும். பேர் பெருசா, பக்கத்துல அம்மன் படம்" என்று சொல்லிக்கொண்டே ஸ்பீக்கரை மானிட்டருக்கு வலப்பக்கம் மேசையில் வைத்தார்.

திரையில் ஊதா பொங்கி நடுவரைக்கும் வந்தது. பிரவீணாவின் ஒரு கன்னம் ஊதா, ஒரு கன்னம் பச்சை.

"ஐயோ, எடுங்கண்ணே!" கலைமணி அலறினாள். அவர் பயந்துபோய் எடுத்தார். ஊதா ஓரத்துக்கு ஓடியது.

"வைங்கண்ணே!"

வைத்தார். வந்தது.

"எடுங்க!"

"ஏம்மா, பாரம் தாங்கலம்மா. வைக்கிறதா எடுக்கிறதா, ஒண்ணு சொல்லு."

"கையில வெச்சுக்கிட்டு அப்படியே சுத்துங்கண்ணே. ஆலாத்தி சுத்துற மாதிரி."

சாமிதுரை அந்த ஸ்பீக்கரை இரண்டு கையிலும் ஏந்தி, மானிட்டருக்கு ஆலாத்தி சுற்றினார். அவர் கை போகிற பக்கமெல்லாம் திரையில் நிறம் பின்னாலேயே போனது. மேலே போனால் மேலே, கீழே வந்தால் கீழே. சத்தம் கேட்டு வெளியே வந்த பஞ்சநாதன் சார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"காந்தம்!" என்றேன். "ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்கு. நான் கொண்டுவந்த பேப்பர்ல போட்டிருக்கு, காந்தம் பக்கத்துல இருந்தா இந்த மாதிரிப் படக்குழாய் மானிட்டர்ல கறை பிடிச்சுக்கும்னு."

கலைமணி மெதுவாகத் திரும்பினாள். "சாமிதுரை அண்ணே, ஆயுத பூஜைக்கு இங்க பாட்டுப் போட ஸ்பீக்கர் குடுத்தீங்களே. எங்க வெச்சீங்க?"

"இதே எடத்துலதான். நாள் பூரா பாடுச்சே. சார்கூட, சாமி பாட்டு மெஷின் காதுல விழணும்னாரு."

எல்லோரும் பஞ்சநாதன் சாரைப் பார்த்தோம். அவர் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஸ்பீக்கர் மறுநாளே போய்விட்டது; கறை மட்டும் தங்கிவிட்டது. கலைமணி அந்தக் கறையின்மேல் காமாவை வைத்துச் சரிசெய்தபோது, ஊதாவுக்கு மாற்றாகத் திரை முழுவதற்கும் பச்சை ஏறியது. கறையில்லாத நடுப்பகுதியில் முகங்கள் பச்சையாயின. அதற்கு அவள் சிவப்பைக் கூட்டினாள். திருச்சி லேபில் கறையும் இல்லை, பச்சையும் இல்லை. அவள் கூட்டிய சிவப்பு மட்டும் போய்ச் சேர்ந்தது.

"அப்ப கேமரா மேல தப்பில்லையா?" என்றார் சார்.

"ஸ்பீக்கர் மேல தப்பு" என்றாள் கலைமணி. தன் பெயரை அந்த வரிசையில் சேர்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

கறையை நீக்க மானிட்டரிலேயே ஒரு பட்டன் உண்டு என்று என் பேப்பர் சொன்னது. தேடினோம். முன்பக்கம் கீழே பட்டன் வரிசை இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் காய்ந்து பாளம்பாளமாக இருந்தது, நடுவில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். பூஜைப் பொட்டு. பட்டன்கள் எல்லாம் அதற்குள் இருந்தன.

கலைமணி நகத்தைக் கொண்டுபோனாள்.

"கை வெக்காத!" பஞ்சநாதன் சார் ஓடிவந்து குறுக்கே கை நீட்டினார். "அடுத்த பூஜை வரைக்கும் அந்தப் பொட்டு இருக்கணும். ஒரு வருஷம் தெரியாம பிளாஷ்ல இருந்ததைத் துடைச்சேன். மறுநாளே பல்பு போச்சு."

"பல்பு பழசு சார்."

"சரஸ்வதி பொட்டும்மா!"

"இப்ப அந்தச் சரஸ்வதிக்கே பாசி பிடிச்சிருக்கு சார். பாருங்க, பச்சையா இருக்கு." பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். இத்தனை நாளில் அவள் குரல் இறங்கி நான் கேட்டது அப்போதுதான். "அழிக்கலை சார். இடம் மாத்தி வெக்கிறேன். எனக்கு இந்தச் சீட்டு வேணும்."

சார் விபூதியைத் தடவிக்கொண்டார். சாமி படத்தைப் பார்த்தார். கடைசியில், "மொதல்ல மேல வெச்சிட்டு அப்புறம் கீழ துடை. நெத்தி ஒரு நிமிஷம்கூட வெறுமையா இருக்கக் கூடாது" என்றார்.

அப்படியே செய்தாள். மானிட்டரின் தலையில் புதுச் சந்தனம், புதுக் குங்குமம். பிறகு ஈரத் துணியால் கீழே துடைத்தாள். பட்டன்கள் ஒவ்வொன்றாகக் கண்விழித்தன. மெனுவைத் திறந்து, காந்தக் குறி போட்டிருந்த இடத்துக்குப் போய் அழுத்தினாள்.

டொய்ங்ங்.

திரை பாயசம் தளும்பியதுபோல் குலுங்கியது. சாமிதுரை ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு பின்னால் குதித்தார். சார் "முருகா" என்றார். குலுங்கி நின்றபோது வலது ஓரத்தில் ஊதா இல்லை. திரை முழுக்க ஒரே பச்சை.

"போச்சு" என்றேன்.

"வாயைக் கழுவுண்ணே. இது அந்தப் புரொஃபைல்." அவளே அதைத் தூக்கினாள். கம்பெனியில் வந்ததைப் போட்டாள். காமா பெட்டியை இந்த முறை நடுவில் வைத்தாள். பிறகு சிவப்புக் கூட்டாத பழைய படத்தைத் திறந்தாள்.

கூரைப்புடவை அரக்கில், மாலை வெள்ளையில், நடுவில் பிரவீணா. பளிச்சென்ற கருப்பு.

சார்தான், "என் கேமரா நல்ல கேமராம்மா" என்றார், கேமராவைத் தடவிக்கொண்டே.

ஆல்பம் முழுவதையும் அவள் மறுபடி செய்தாள். தன் வீட்டுக்காரருக்குத் தீபாவளிச் சட்டை எடுக்கக்கூட அவரையே தனியாக அனுப்பினாள். அவர் ஊதாவில் எடுத்து வந்து வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. சிடி திருச்சி பஸ்ஸில் போனது. தீபாவளிக்கு முந்தின நாள், கண்டக்டர் கையிலிருந்து ஆல்பத்தை நானே வாங்கி வந்தேன். மழை வருமோ என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

பொன்னாயி அக்கா வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. ஆல்பத்தைத் திறந்தார். பிரவீணாவின் கையைப் பிடித்து இழுத்து, முழங்கையைப் படத்தின்மேல் வைத்து, படத்தையும் கையையும் மாறிமாறிப் பார்த்தார். ஜவுளிக்கடையில் புடவைக்கு ரவிக்கைத் துணி பொருத்துகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"யம்மா, விடு, ஆளுங்க பாக்குறாங்க" என்று நெளிந்தாள் பெண்.

"பாக்கட்டும்டி. நீதான் இது." பிறகு கலைமணியிடம் திரும்பினார். "பாப்பா, எம்பொண்ணைத் திருப்பிக் குடுத்துட்ட."

பஞ்சநாதன் சார் கவுண்டரில் போய் உட்கார்ந்து, அவரே ரசீது போட்டார். கலைமணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். அது போய்ச் சுவரில் முட்டியது. இந்த முறை அவள் அதிலேயே உட்கார்ந்திருந்தாள்.

என் விசா போட்டோவை மறுபடி அச்சிட்டுக் கொடுத்தாள். அதில் நான் பயந்தவன்போல் இருந்தேன். அது மிக்ஸிங்கில் சரிசெய்ய முடியாதது என்றாள்.

அடுத்த வருஷ ஆயுத பூஜையன்று மஸ்கட்டிலிருந்து போன் செய்தேன். பின்னால் பாட்டு எங்கேயோ தூரத்தில்தான் கேட்டது.

"ஸ்பீக்கர் வெக்கலையா?"

"வெச்சிருக்கோமே. ரோட்டுக்கு அந்தாண்ட, டீக்கடை வாசல்ல. சாமிதுரை அண்ணன் பக்கத்துலயே காவலுக்கு நிக்கிறாரு." யாரிடமோ திரும்பிக் கத்தினாள்: "சார், பட்டன் மேல இல்ல! தலையில, தலையில வைங்க!"