மஞ்சள் துணியில் முடிந்த வரி

எண்பதுகளில் மலேசியாவில், அசாம் ஜாவா ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் சொந்தமாக வயரிங் வேலை செய்தேன். கூலி ரொக்கமாகத்தான் வரும். என் கையில் ஒரு ரிங்கிட் வெள்ளி தங்காது. மனைவி வாராவாரம் கொஞ்சம் பிடுங்கி, மஞ்சள் துணியில் முடிந்து முருகன் படத்தடியில் வைப்பாள். தைப்பூச நேர்த்திக்கடன் காசு என்று நினைத்து, மோட்டார் சைக்கிள் படுத்தபோதுகூட நான் அதைத் தொடவில்லை.

வருமான வரி கட்டும் நேரம் வந்தது. கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

“சாமி காசுலயா கை வைக்கிற?” என்று கத்தினேன்.

“சாமி காசுன்னு நான் சொன்னேனா? இது வரிக் காசு.”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா ஒத்தக் காசு மிஞ்சியிருக்காது லா.”

வரியைக் கட்டிவிட்டு வந்து முருகனைக் கும்பிட்டேன். நன்றி சொன்னது அவளுக்கு.