வேலை இல்லை என்று எழுதிய பத்து நாள்

ராஜபாளையத்தில், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஒரு ஜின்னிங் மில்லில் நான் கணக்குப்பிள்ளையாக இருந்தபோது, பக்கத்து நெல் மில்லின் ஊறல் தொட்டி உடைந்து, தண்ணீரெல்லாம் எங்கள் பருத்திக் கிட்டங்கிக்குள் வந்துவிட்டது. நனைந்த பருத்தியை மிஷினில் போட முடியாது. பத்து நாள் மிஷின் நின்றது. நான், தராசுக்காரர், மிஷினைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் அண்ணாச்சி மூவரும் களத்தில் பருத்தியைப் பரப்பிப் புரட்டிக் காயவைத்தோம்.

கெட்டுப்போன பருத்திக்கு நெல் மில்காரர் ஈடு தந்துவிட்டார். எங்கள் மூவரின் பத்து நாள் சம்பளத்தை மட்டும் தர மறுத்தார். முதலாளி ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டுக்குப் போனார். சாட்சி நான்.

எதிர்தரப்பு வக்கீல் நிதானமாகக் கேட்டார். "தொட்டி உடையலேன்னா இந்த மூணு பேருக்கும் சம்பளம் குடுக்காம இருந்திருப்பாரா?"

"குடுத்திருப்பாரு."

"அப்ப தொட்டி உடைஞ்சதுல கூடுதலா என்னய்யா செலவு?"

 அந்தக் கேள்வி எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் வாய் திறப்பதற்குள் அவர் என் தினப்பதிவை விரித்தார். மிஷின் ஓடாத நாளில் 'வேலை இல்லை' என்று எழுதுவது எங்கள் மில் வழக்கம். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, பத்து நாளும் நானே அப்படி எழுதி வைத்திருந்தேன்.

"வேலை இல்லாத நாளுக்கா நட்டஈடு?" என்றார். கோர்ட்டில் சிரித்தார்கள். வாய்தா போட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் முதலாளி சொன்னார்: "படிச்ச பயலுன்னு வச்சேன். எம்புட்டு அழகா எழுதிக் கவுத்துட்ட. அடுத்த வாய்தாவும் கவுந்தா நீ வீட்டுல இருந்து எழுது."

காயவைக்கப் போகாவிட்டால் அந்தப் பத்து நாளில் நாங்கள் என்ன செய்திருப்போம்? மறுநாள் பிட்டர் அண்ணாச்சியிடம் கேட்டேன். "நின்ன மிஷின்ல எனக்கு என்ன வேலை? உக்காந்திருப்பேன்" என்றார்.

தராசுக்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார். "கூமாப்பட்டிக்குப் போயிருப்போம்லா?"

ஆமாம். வருஷாவருஷம் அந்தச் சமயத்தில்தான் அவரும் நானும் கூமாப்பட்டிக்குப் போய், செடியில் இருக்கும்போதே பருத்திக்கு விலை பேசி வருவோம். அந்த வருஷம் போகவில்லை. அங்கே பருத்தி பயிரிட்டிருந்த ஒரு சம்சாரியைத் தேடிப் பிடித்து அடுத்த வாய்தாவுக்குக் கூட்டி வந்தேன்.

"வருவாகன்னு பாத்தேன். வரல. பொறவு வேற ஆளுக்குப் போட்டுட்டேன்" என்றார் கூண்டில் நின்று.

"முதலாளி சொல்லிக் குடுத்தாரா?" என்றார் எதிர்தரப்பு வக்கீல்.

"அவிய எனக்குக் காப்பித்தண்ணிகூட வாங்கிக் குடுக்கலையே."

இந்த முறை சிரிப்பு எங்கள் பக்கம் இருந்தது. எனக்கும் தராசுக்காரருக்கும் உரிய சம்பளத்தை நெல் மில்காரர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. காயவைக்கப் போனதால் எங்களுக்கு விட்டுப்போன வேலை என்னவென்று காட்டிவிட்டோம். பிட்டருக்கு அப்படி விட்டுப்போன வேலை எதுவும் இல்லை என்று அவர் பங்கைத் தள்ளிவிட்டார்கள்.

"நாளைக்கு நேரத்தோட வந்துரு" என்றார் முதலாளி. வேலை தங்கியது.

மில்லில் பிட்டர் அண்ணாச்சி கேட்டார்: "அப்ப பத்து நாளா நான் வெயில்ல நின்னு புரட்டுனது என்ன தம்பி?"

தீர்ப்பின் நகலை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். அதற்குப் பதில் அதில் இல்லை.