ஸ்பூன் இழுப்பறை

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் எங்கள் ஊர் ஹார்லன் டட்டிலைப் போல ஒழுக்கமான மனிதரைப் பார்ப்பது அரிது. வெளிநாட்டு விருந்தாளிகளுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அவர் சொல்வதற்கு முன்னால் விசையில் விரல் பட்டுவிட்டால், ஜனாதிபதியே ஆனாலும் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான்.

அன்று காலை முழுக்க அவரிடம் ஏச்சு வாங்கிய நார்வேக்காரர் ஐவின், மதியம் அவர் வீட்டுக்கே குடும்பத்தோடு விருந்துக்கு வந்தார். ஐஸ்கிரீமுக்கு ஸ்பூன் எடுக்க ஐவினின் சின்ன மகள் சமையலறை இழுப்பறையைத் திறந்தாள். ஸ்பூன்களுக்கு நடுவே குண்டு போட்ட கைத்துப்பாக்கி கிடந்தது.

ஐவின் மகளை வாரித் தூக்கினார். "எங்க ஊர்ல இதை இரும்பு அலமாரில வச்சுப் பூட்டுவோம் சார்."

"திருடன் வந்தா சாவியையா நீட்டுறது?" ஹார்லனுக்கு முகம் சிவந்தது. "அடுத்தவன் வீட்டு இழுப்பறையைத் திறக்கக் கூடாதுன்னு பிள்ளைக்குச் சொல்லித்தரலையா?"

"காலைல பூரா விரலை எடு, விரலை எடுன்னு கத்துனீங்களே?"

"அது மைதானம்ப்பா. இது வீடு."

ஐஸ்கிரீம் உருகுவதற்குள் விருந்தாளிகள் கிளம்பிவிட்டார்கள். விஷயம் கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டுக்காரனான நான் கொதித்துப்போய் ஹார்லனிடம் நியாயம் கேட்கப் போனேன். பாதுகாப்பு விஷயத்தில் ஹார்லன் அலட்சியம் காட்டுகிறவர் அல்லர். அதற்குள் ஸ்பூன்களை வேறு இழுப்பறைக்கு மாற்றியிருந்தார்.